வெள்ளிக்கிழமை வெந்நீர்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, மடித்த வேட்டிக்குள்ளிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். அளப்பதற்கு என்றேன். எதை அளக்க என்றார். அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதனால் கால் மணி நேரம் தனியாக உட்கார வேண்டி வந்தது. பக்கத்தில் பருப்புப்பொடி டப்பாவோடு பிடிபட்ட ஒரு திருச்சிக்காரர் இருந்தார். அவரைக்கூட முதலில் விட்டுவிட்டார்கள். ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிறவன் நான். என்னையே ஒருவர் சந்தேகமாகப் பார்த்தது புது அனுபவமாக இருந்தது.

கோவை கணபதியில் எனக்கும் என் மனைவியின் தம்பி செந்திலுக்கும் சேர்ந்து ஒரு பட்டறை இருக்கிறது. பிளாஸ்டிக் சாமான் வார்ப்பதற்கான அச்சு செய்கிறோம். வாளிக் கைப்பிடி, மிக்ஸி மூடி, பம்பு விசிறி, இப்படி. இருபத்தாறு வருஷத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்றுதான். உருவம் நாம் கொடுப்பது, குணம் பொருள் கொடுப்பது. நைலானை எந்த அச்சில் ஊற்றினாலும் அது நைலான்தான். ரப்பர் வேண்டுமென்றால் ரப்பர் வாங்க வேண்டும்.

இதைப் பொய்யாக்கும் ஒரு மெஷினை செந்தில் ஏதோ கண்காட்சியில் பார்த்துவிட்டான். அது ஒரே பிளாஸ்டிக்கை இழை இழையாக அடுக்கி ஒரு பொருளைச் செய்யுமாம். அடுக்கும்போதே எந்த இடம் கல் மாதிரி இருக்க வேண்டும், எந்த இடம் ஜவ்வு மாதிரி வளைய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்துவிடலாமாம். போதாததற்கு, செய்த பொருள் பிற்பாடு தானாகவே தன்னை மாற்றிக்கொள்ளுமாம். பழைய மெஷின் இரண்டை விற்றுவிட்டு இதை வாங்கலாம் என்றான். நான் தலையாட்டவில்லை. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கம்பெனி சோதனை நடத்துகிறது, நேரில் போய்ப் பார்த்து உங்கள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று என்னை விமானம் ஏற்றிவிட்டான். என் மனைவி ஒன்றுதான் சொன்னாள்: “ஏனுங்க, அங்க போயும் எல்லாத்தையும் சொரண்டிப் பாத்துட்டு இருக்காதீங்க.”

புதன்கிழமை பஸ்ஸில் மலை ஏறினேன். கேமரன் வந்ததும் சொல்லுங்கள் என்று டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தேன். மலை வளைவுகளையெல்லாம் தாண்டி ஒரு சின்ன ஊரில் நிறுத்தி, “கேமரன்” என்றார். இறங்கிவிட்டேன். அது ரிங்லெட். கேமரன் என்பது ஊர் இல்லை, முழு மலைக்கும் அதுதான் பெயர் என்பது பஸ் போன பிறகு பேக்கரிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. நான் போக வேண்டிய தோட்டம் மலையின் மறு கோடியில், கம்போங் ராஜாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஊட்டிக்குப் போகிறவன் குன்னூரில் இறங்கின கதைதான்.

முட்டைக்கோஸ் ஏற்றப் போகிற காலி லாரி ஒன்று வடக்கே போயிற்று. ஓட்டியவர் தமிழர். ஏறுங்க என்றார். இவர் எங்கே கொண்டு போய் விடுவாரோ என்று பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டேன். வழி நெடுக மலைச்சரிவையே பிளாஸ்டிக் கூரை போட்டு மூடிவிட்டிருந்தார்கள். உள்ளே தக்காளி, குடமிளகாய், ஸ்ட்ராபெரி. அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. “லோரியில பிரேக்கு கொஞ்சம் சூசாலா, பயப்படாதீங்க” என்றது மட்டும் தெளிவாகப் புரிந்தது; சூசா என்றால் தொல்லை, லா என்பது அங்கே எல்லாப் பேச்சுக்கும் ஒரு வால். கோலா தெர்லாவில் தன் சரக்கு காத்திருந்தும் என்னைக் கம்போங் ராஜா வரை கொண்டு வந்து இறக்கிவிட்டுத் திரும்பினார். பணம் நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். இறங்கிய பிறகு பெட்டியின் பூட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். அந்தப் புத்தியை என்ன செய்வது.

வியாழக்கிழமை காலை அந்தக் கம்பெனியின் பொறியாளர் மிஸ் லிம் ஜீப்போடு வந்தார். பினாங்குக்காரர், முப்பது வயதிருக்கும். சேறு பிடித்த பூட்ஸ், தோளில் ஒரு பை, பை நிறைய பிஸ்கட். ஆங்கிலத்தில் பேசுவார், அவசரப்பட்டால் மலாய் கலந்துவிடும். நல்ல மனுஷி என்று பார்த்தவுடன் தோன்றியது. நல்லவர்கள் விற்கிற சாமானைத்தான் அதிகமாகச் சோதிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் குறித்துக்கொண்டேன்.

இந்த மலையின் தேயிலை நம் வால்பாறை மாதிரி விரலால் கிள்ளுகிற வேலை இல்லை. சமமான இடத்தில் இரண்டு பேர் பிடித்து இழுக்கிற மோட்டார் வெட்டும். செங்குத்துச் சரிவில் மட்டும் தகரப் பெட்டி பொருத்திய பெரிய கத்தரியால் கையால் வெட்டுகிறார்கள். அந்தச் சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து நாள் முழுக்க நிற்க வேண்டும். பத்து வருஷத்தில் முழங்கால் போய்விடும். லிம்மின் கம்பெனி அந்த மெஷினில் செய்து கொடுத்தது முழங்காலுக்கு ஒரு கவசம். பெண்கள் அதை முட்டிப் பட்டை என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பட்டையைக் கையில் வாங்கியதும் காலிப்பரை எடுத்துவிட்டேன். தொடைப் பக்கம் வாளி மாதிரி கெட்டி. முட்டி வருகிற இடத்தில் தேன்கூடு மாதிரி வலைக்கண்கள், அங்கே அழுத்தினால் தோல் மாதிரி அமுங்கியது. இரண்டுக்கும் நடுவே ஒட்டு இல்லை, தையல் இல்லை, ஆணி இல்லை. நகத்தால் சுரண்டினேன். கீழே போட்டுச் சத்தம் கேட்டேன். ஓரத்தைக் கடித்தும் பார்த்தேன். லிம் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே பொருள்தான். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. வலைக்கண் நெருங்கினால் விறைப்பு, விலகினால் இளக்கம், அவ்வளவுதான் சூட்சுமம் என்றார். வருங்காலத்தில் பகலில் நாற்காலியாக நிமிர்ந்து, படுக்கும்போது மெத்தையாக இளகுகிற சாமானெல்லாம் வரும் என்றார். நான் சரி சரி என்றேன்.

அப்புறம் ஆபீசில் ஒரு வரைபடம் காட்டினார். பன்னிரண்டு பெண்களுக்குப் பட்டை கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் பன்னிரண்டையும் கேமராவில் படமெடுத்து உருவத்தைப் பதிவு செய்கிறார்கள். வாரா வாரம் ஒவ்வொரு பட்டையும் போட்டவரின் காலுக்கு ஏற்ப மாறியிருந்தது. வலைக்கண்கள்கூட ஒரு பக்கம் நெருங்கி, ஒரு பக்கம் விலகியிருந்தன. உடம்புச் சூட்டிலும் நடக்கிற அழுத்தத்திலும் பட்டை தானாகவே கற்றுக்கொள்கிறது என்பது லிம்மின் விளக்கம். செந்தில் மயங்கியது இந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

எனக்கு அங்கேதான் உறுத்தியது. கற்றுக்கொள்கிற பொருள் தினம் கொஞ்சம் மாற வேண்டும். வாரத்தின் நடுவில் எடுத்த சில படங்களும் இருந்தன. திங்கள், செவ்வாய், புதன், ஒரு மாற்றமும் இல்லை. சனிக்கிழமை மட்டும் படிக்கட்டு மாதிரி ஒரே தாவல். இன்னொன்று: முதல் வாரமே பதினோரு கோடுகள் தாவியிருக்க, ஒரு கோடு மட்டும் ஒரு வாரம் கழித்துத்தான் தாவியது. அது மேரி என்ற பெண்ணுடையது. போன மாதம் அவர் ஜொகூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார், பட்டை தொலைந்துவிட்டது, அதனால் கோடு பாதியில் நிற்கிறது என்றார் லிம். எனக்கு முடிவாகிவிட்டது. யாரோ வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பட்டையைத் திருத்துகிறார்கள். கம்பெனி ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

மத்தியானம் சரிவுக்குப் போனோம். மூடுபனி தலைக்கு மேல் நின்றது. அங்கே இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்து, நேபாளத்து ஆண்கள்தான். தோட்டம் கொடுத்த லைன் வீடுகளில் மிச்சமிருக்கும் பழைய தமிழ்ப் பெண்களுக்குத்தான் பட்டை கொடுத்திருந்தார்கள். அவர்களில் புஷ்பம் என்ற ஒருவர், ஐம்பதை நெருங்குகிறவர், மஞ்சள் மழைச்சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஆடு ஏறுகிற மாதிரி ஏறினார். மூன்று மாதம் முன்பு அவரால் ஆபீஸ் படி ஏற முடியாது என்று வேலையை மேற்பார்க்கிற கங்காணி சொன்னார்.

நான் தமிழில் பேசியதும் கத்தரியை நிறுத்திவிட்டு வந்தார். பட்டை நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். எப்படி மாறுகிறது என்று கேட்டேன். அது தானாக மாறுகிறது என்று லிம் சொன்ன வாக்கியத்தையே மனப்பாடமாகச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் கதையைக் கங்காணிதான் சொன்னார். கணவர் இறந்து ஐந்து வருஷம். ஒரே மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள், வருஷக் கடைசியில் எஸ்பிஎம் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை. சரிவில் நிற்க முடியாதவர்களுக்கு இங்கே வேறு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் லைன் வீடும் இல்லை. ஈப்போவில் தங்கை வீடு இருக்கிறது, பரீட்சை முடிந்ததும் அங்கே போகிறேன், அதுவரைக்கும் இந்த முட்டி தாங்கினால் போதும் என்று புஷ்பம் எல்லாரிடமும் சொல்வாராம். பள்ளிக்கூடத்தை நடுவில் மாற்றினால் மகள் கோட்டை விட்டுவிடுவாள் என்ற பயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லிம் என்னை ஸ்டீம்போட் சாப்பிட அழைத்துப் போனார். மேசை நடுவில் அடுப்பு, அதன் மேல் கொதிக்கிற ரசம் மாதிரி ஒன்று. கீரை, காளான், டோஃபு, மீன் எல்லாம் பச்சையாகத் தட்டில் வைத்துவிடுகிறார்கள். நாமே முக்கி வேகவைத்துச் சாப்பிட வேண்டும். சமையலையும் செய்ய வைத்துப் பணமும் வாங்குவது நல்ல வியாபாரம். சட்டியை நடுவில் தடுத்து எனக்குச் சைவப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கரண்டி மாறிவிடுமோ என்று அதையே காவல் காத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அங்கேதான் கேட்டேன். இந்தப் பிளாஸ்டிக் எத்தனை டிகிரியில் இளகும்?

அறுபது என்றார்.

இளகினால் என்ன ஆகும்?

மெஷினிலிருந்து வந்தபோது இருந்த தட்டை உருவத்துக்குத் திரும்பிவிடும், பொருளுக்கு ஞாபகம் உண்டு, ஆறுவதற்குள் எப்படிப் பிடிக்கிறோமோ அப்படியே நிற்கும் என்றார். முதல் நாள் ஆபீசில் ஹீட்டர் வைத்து ஒரே ஒரு தடவை அப்படித்தான் காலில் பொருத்தினார்களாம். அதற்குப் பிறகு சூடு படக்கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் தாள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

“உடம்புச் சூடு முப்பத்தேழு. வெளியே பதினெட்டு. வாரம் ஒரு தடவை மட்டும் இந்த மலையில் அறுபது டிகிரி எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு ஜெயித்தவன் மாதிரி டோஃபுவை எடுத்து வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

 லிம் கொதிக்கிற சட்டியைப் பார்த்தார், அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தார். நான்கு மணிக்கு வேலை விட்டு வந்த பெண்களை நிறுத்தி, ஒவ்வொரு பட்டையின் உள்பக்கமும் நகம் அளவு வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டினார். சூடு பட்டால் கறுத்துவிடும் தாள். என்னிடம் மட்டும் சொன்னார். இந்தப் பெண் பொய்க் கணக்கு எழுதுகிறவர் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியானால் திருத்துவது யார்? காலையில் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்று சாயங்காலம் தோட்டத்து அம்மன் கோயிலில் பூஜை, வாங்க என்று கங்காணி கூப்பிட்டிருந்தார். லைன் வழியாக நடந்தேன். ஒரே நீளக் கட்டடம், சுவரோடு சுவராகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்குள் ஹீட்டர் இருந்தாலும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கப் பின்பக்கம் டிரம்மில் வெந்நீர் போடுகிற வழக்கம் விடவில்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகள் எரிந்தன. வாசலெல்லாம் புகையும் சாம்பிராணியும் கலந்த வாசனை.

புஷ்பத்தின் வீட்டுப் பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். அலுமினியத் தொட்டியில் ஆவி பறக்கிற தண்ணீர், மேலே மஞ்சள் கரைத்த நுரை. உள்ளே இரண்டு முட்டிப் பட்டைகள் அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தன.

என்னைப் பார்த்ததும் புஷ்பம் தொட்டியை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது, ஆறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். “உக்காருங்கண்ணே, பாத்துட்டீங்க, இனி என்னா” என்று ஒரு பட்டையை இடுக்கியால் தூக்கினார். காலில் ஈரத்துண்டைச் சுற்றி, அதன் மேல் பட்டையை வைத்து, ஒரு மரக்கட்டை மேல் இடது காலை ஏற்றிச் சரிவில் நிற்கிற மாதிரியே நின்றார். கட்டை விரல்களால் வெளிப்பக்க வலைக்கண்களை நெருக்கி நெருக்கி அழுத்தினார். உள்பக்கம் விரலை விட்டு அகட்டினார். பழைய சேலைக் கரையால் இறுக்கிச் சுற்றினார். மொத்தம் மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. என் பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவனுக்கும் அந்த விரல் வராது.

விஷயம் இதுதான். உடம்பில் பட்டு வேர்வை பிடித்த எதையும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன் வெந்நீரில் போட்டு அலசாமல் இவர்கள் வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். தாளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் என்ன எழுதியிருந்தாலும் சரி. முதல் வாரமே பட்டைகளைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். எல்லாம் தட்டையாகிவிட்டன. ஆபீஸ் சாமானைக் கெடுத்துவிட்டோமே என்று பயந்து, சூட்டோடு சூடாகக் காலில் வைத்து அமுக்கியிருக்கிறார் புஷ்பம். மறுநாள் போட்டு நடந்தால் முன்னைவிட நன்றாக இருந்தது. சுவரைத் தட்டி அடுத்த வீட்டுக்குச் சொல்ல, அங்கிருந்து அடுத்த வீடு. சனிக்கிழமை காலைக்குள் பதினோரு பட்டைகளும் கற்றுக்கொண்டுவிட்டன.

மேரியுடையது ஏன் ஒரு வாரம் பின்தங்கியது என்று கேட்டேன்.

“மேரியக்கா சர்ச்சுக்குப் போறவங்கலா. அவங்களுக்குச் சனிக்கிழம ராத்திரிதான் துவைக்கிற நாளு. இந்த இன்னொன்னு அவங்களுதுதான். போறப்ப என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. ஆபீஸ்ல தொலஞ்சு போச்சுன்னு எழுதிட்டாங்க, நான் என்னா சொல்ல. துவைக்காம வைக்க மனசு வரல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஓர் ஆனந்தம். பொருளுக்குக் குணம் எழுதுகிற மெஷினை நம்பக்கூடாது என்று கடல் தாண்டி வந்தவன் நான். குணத்தை இங்கே ஒரு மரக்கட்டையின் மேல் நின்று கட்டை விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் தொட்டிக்குள் பார்த்தேன். மஞ்சள் நுரையில் நகம் அளவு தாள் ஒன்று மிதந்தது. கன்னங்கரேல் என்று இருந்தது.

“லிம் அம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. பரீட்ச முடியிற வரைக்கும்தான்” என்றார் புஷ்பம். சரிங்க என்றேன். தாளைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து கோயிலுக்குப் போய்விட்டேன். கோயிலில் சுண்டல் கொடுத்தார்கள். எல்லாப் பெண்களும் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். 

சனிக்கிழமை காலை ஆபீஸ் முற்றத்தில் லிம் பட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சிலதில் தாள் கறுத்திருந்தது, சிலதில் தாளே இல்லை. யார் சூடு பண்ணியது என்று கங்காணியை விட்டுக் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். புஷ்பம் மட்டும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

லிம் பினாங்குக்குப் பேசிவிட்டு வந்தார். எல்லாப் பட்டைகளையும் இன்று மத்தியானத்துக்குள் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டார்கள். சூடான பிளாஸ்டிக்கைக் காலில் வைத்து யாராவது சுட்டுக்கொண்டால் பொறுப்பு கம்பெனிக்கு. வெந்நீரில் இளகாத புது மாதிரி அடுத்த வருஷம் வரும். “உங்கள் சந்தேகம் சரி. என் இரண்டு மாத வேலை குப்பை” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

குப்பை இல்லை, அந்தப் பெண்கள் உங்கள் பட்டையை உங்களைவிட நன்றாகச் செய்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள் என்றேன். “எனக்குத் தெரியும். ஆனால் தானாகக் கற்கும் என்று சொல்லித்தான் கம்பெனி விற்கிறது. பதினோரு பெண்கள் வெந்நீரோடு உட்கார்ந்து கற்றுக் கொடுப்பார்கள் என்று நான் எப்படி எழுத முடியும்?” என்று கேட்டார். 

புஷ்பத்தைத் தேடிப் போனேன். எடை போடுகிற கொட்டகையில் தனியாக நின்றிருந்தார்.

“நான் சொல்லலீங்க. ஆனா அவங்களக் கேட்க வெச்சது நாந்தான். நேத்து மத்தியானம், விஷயம் தெரியறதுக்கு முன்னாடி” என்றேன்.

“இங்க கேட்டாலே போதும்ணே” என்றார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மத்தியானம் ஒவ்வொருவராக வந்து மேசை மேல் பட்டையை வைத்தார்கள். எல்லாம் துவைத்து, தட்டையாக, மஞ்சள் வாசனையோடு வந்தன. உடம்பில் போட்டதை அப்படியே திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லையாம். மார்க்கரில் எழுதியிருந்த எண்களெல்லாம் எப்போதோ வெந்நீரில் போய்விட்டிருந்தன. எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். புஷ்பம் கடைசியாக வந்தார். ஒன்றை வைத்தார். ஒன்றை மட்டும்.

பதினொன்று. லிம் பட்டைக் கணக்கு எழுதிய ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். சாட்சியாக வெளியாள் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்று பினாங்கில் கேட்டிருக்கிறார்கள். பேனாவைக் கொடுக்கும் முன் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“பன்னிரண்டாவது தொலைந்தது என்று எழுதியிருக்கிறோம். நீங்கள் நேற்று லைனுக்குள் போனீர்கள். எங்காவது பார்த்தீர்களா?”

புஷ்பம் ஐந்தடி தள்ளி நின்றிருந்தார். ஆங்கிலம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மழைச்சட்டையின் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“இல்லை” என்றேன்.

எண்ணினேன் என்று காட்டுவதற்காகப் பட்டைகளை இன்னொரு தடவை தொட்டுத் தொட்டு எண்ணினேன். காலிப்பர் சட்டைப் பையில் கனத்தது. அதை வெளியே எடுக்காமல் கையெழுத்துப் போட்டேன். செய்யாத அச்சுக்குச் செய்ததாக ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை நான்.  புஷ்பம் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அவர் மகள் ஒரு பொட்டலம் தேயிலைத் தூளைக் கொண்டு வந்து கொடுத்து, அம்மா உங்கள் ஃபோன் நம்பரை வாங்கி வரச் சொன்னார் என்றாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் இறங்கினேன். தோட்டத்தைத் தாண்டும்போது மூடுபனிக்கு நடுவே சரிவில் மஞ்சள் மழைச்சட்டை ஒன்று தெரிந்தது. இடது கால் மேலே, வலது கால் கீழே. பஸ் திரும்புகிற வரை பார்த்தேன். அந்தப் பெண் ஏமாற்றிவிட்டாள், நானும் கூடச் சேர்ந்து ஏமாற்றினேன், அந்தப் பட்டை இனி லிம்மிடம் திரும்பப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். சரி, இருக்கட்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து செந்திலிடம் சொன்னேன்: மெஷின் நிஜம், அது தானாகக் கற்கும் என்பது பொய், வெந்நீரில் இளகுகிற பழைய பிளாஸ்டிக்கையே கொடுப்பதானால் வாங்கலாம். கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மாதமாக செந்தில் என்னிடம் டீ வந்ததா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஏதோ சாமான்களை ஏற்றுகிற சத்தம், லாரியின் உறுமல். பட்டறையில் ஆட்கள் இருந்ததால் வெளியே போய்க் கேட்டேன்.

“அண்ணே, புஷ்பம் பேசுறேன். பாப்பாவுக்குப் பரீட்ச நேத்தோட முடிஞ்சிருச்சு. நாங்க ஈப்போ கெளம்பிட்டோம். அந்தப் பட்டைய நல்லா வெந்நியில துவைச்சு ஆபீஸ்ல கொடுத்துட்டேன். மேரியக்கா சாமானுக்குள்ள கெடந்துச்சு, இப்பதான் கெடைச்சிச்சுன்னு சொல்லிட்டேன். உங்க கையெழுத்துக்கு ஒன்னும் வராதுலா. அதான் சொல்லலாம்னு.”